கேபின் எந்தப் பக்கம்

பக்கத்து வீட்டுத் தங்கமணி அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அவர் என் தூக்கத்தைக் கெடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். நான் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் தாதி. மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலையில் வந்து கண்ணை மூடினால், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தகடு தட்ட ஆரம்பித்துவிடுவார். இரண்டு வருடம் தட்டினார். நான் சண்டைக்குக் கிளம்பும் நாளில் எல்லாம் அவர் மனைவி மலர்விழி அக்கா, கேட் வழியாக ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நீட்டிவிடுவார். வாயில் அதன் காரச் சம்பலை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் மண் லோரி ஓட்டியவர். பூச்சோங், ஷா ஆலாம், காஜாங் என்று எங்கே மேடு வெட்டினாலும் அவர் லோரி அங்கே நிற்கும். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்து போனதும் வேலையை விட்டார். காலையில் அக்காவின் நாசி லெமாக் கடைக்கு மேசை தூக்கிப் போடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். மிச்ச நாளை என்ன செய்வது? ரிமோட்டில் ஓடி மண் அள்ளும் ஒரு குட்டி எக்ஸ்கவேட்டர் செய்யப் போகிறேன் என்று இறங்கிவிட்டார்.

"லோரி ஓட்டுன மனுஷன், லோரி செய்ய வேண்டியதுதானே அண்ணே?" என்று நான் கேட்டேன்.

"லோரிய நான் எங்கம்மா பார்த்தேன்? நான்தான் உள்ள உட்கார்ந்திருந்தேனே. பார்த்ததெல்லாம் லோகன் மிஷினத்தான்."

லோகன் அந்தக் கம்பெனியின் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர். அண்ணனைவிடப் பத்து வயது இளையவர். இத்தனை வருடமும் அண்ணன் லோரிக்கு மண் வாரிப் போட்டவர் அவர்தான். தொட்டியில் ஒரு வாளி மண்ணைக் கொட்டும்போது லோரி குலுங்கவே குலுங்காதாம். அண்ணன் இதைச் சொல்லும்போது ஏதோ பாட்டுக் கச்சேரியைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும்.

பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனத் தகடு வாங்கி வந்தார். முதலில் மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி அளவு பார்ப்பார். பிறகு அதே அளவுக்குத் தகட்டைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, மரச் சுத்தியலால் மடிப்பார். சங்கிலிச் சக்கரத்துக்கு மட்டும் எண்பத்து நான்கு துண்டு. ஒவ்வொன்றையும் வெட்டி, மடித்து, துளை போட்டு, ஆணியில் கோத்தார். கை, வாளி, வாளியின் ஐந்து பல் எல்லாம் தகடுதான். பழைய பிரிண்டர்களில் கழற்றிய மோட்டார்கள் திருகுத் தண்டைச் சுழற்ற, கை நீளும், மடங்கும். முதல் முறை அது அக்காவின் பூந்தொட்டியிலிருந்து ஒரு கரண்டி மண் அள்ளிய அன்று, எனக்கே கை தட்டத் தோன்றியது. தட்டினேன்.

படம் பார்க்கவே மாட்டார். போனில் ஆயிரம் படம் இருக்கிறதே என்றால், "அது காப்பி. எனக்கு எல்லாம் கண்ணுக்குள்ள இருக்கு" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். கேபினுக்குள் ஒரு சின்ன மனிதனையும் உட்கார வைத்தார். லோகன் தோளில் எப்போதும் 'குட் மார்னிங்' என்று அச்சடித்த ஒரு வெள்ளைத் துண்டு கிடக்குமாம். அதே துண்டில் விரல் அகலம் வெட்டி, பொம்மையின் தோளிலும் போட்டார்.

காஜாங்கில் இப்படி ரிமோட் வண்டி செய்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேர் கொடுத்திருந்தார். ஆனால் அதற்கு முன்னால் லோகன் பார்க்க வேண்டும். "லோகன் சரின்னு சொல்லிட்டா போதும். மத்தவன் எவன் என்ன சொன்னா எனக்கென்ன?" என்று ஒரு வாரமாக இதே பேச்சு.

லோகன் வந்தார். அண்ணன் மிஷினை மூடியிருந்த துணியை விலக்கினார். லோகன் குனிந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தங்கம் அண்ணே, என்ன லா இது! கேபின வலது பக்கம் வச்சிருக்கீங்க! நான் ஓட்டுன மிஷின் அத்தனையிலயும் கேபின் இடது பக்கந்தான். லோரி டிரைவர் புத்தி போகுமா?" அப்புறம் பொம்மையைப் பார்த்தார். "துண்டு கூட வலது தோள்ல. நான் எப்பவும் இடது தோள்லதானே போடுவேன்?"

அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லோகன் போனில் தன் மிஷின் படத்தைக் காட்டினார். அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். முகம் செத்துவிட்டது. லோகனுக்கு அப்போதுதான் உறைத்தது. "பரவால்லண்ணே, சனிக்கிழமை தகடு வெட்டுற கிரைண்டர் கொண்டு வரேன், அறுத்து மாத்திடலாம்" என்றார். என்னத்தை அறுப்பது? கேபினை மாற்றினால் எஞ்சின் மூடி, கையின் அடிப்பாகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அண்ணன் துணியைப் போட்டு மூடினார்.

அந்த வாரம் முழுக்கச் சத்தமே இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா சொன்னார்: "சாப்பாட்டப் பிசைஞ்சுகிட்டே உட்கார்ந்திருக்காரு புஷ்பா. இருபத்திரண்டு வருஷம் பார்த்தும் எனக்குத் தெரியலையேன்னு அதையே சொல்றாரு." அவர் மேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் போய், லோகன் மேல் வந்தது எனக்கு.

சனிக்கிழமை காலை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகக் காரை எடுத்தேன். அடுத்த சந்தில் பழைய சாமான் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தவள் பிரேக்கை மிதித்தேன். அண்ணன் வீட்டு கேட்டுக்கு வெளியே, உடைந்த மின்விசிறி, பழைய பைப்புகளோடு, ஒரு மேசைமேல் அந்த எக்ஸ்கவேட்டர். லோரிக்காரனுக்குப் போட்டுவிடத் துணிந்துவிட்டார் மனுஷன்!

இறங்கிச் சத்தம் போட வாயைத் திறந்தேன். ஆனால் கண் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் கேபின் இடது பக்கம் இருந்தது. துண்டும் இடது தோளில். எல்லாம் லோகன் சொன்ன மாதிரியே.

"அண்ணே!" என்று கத்தினேன். அவர் கைலியோடு வந்தார். "மண் ஏத்தும்போது லோகன் மிஷின நீங்க எதுல பார்ப்பீங்க?"

"சைட் மிரர்லதான். ஏத்தும்போது டிரைவர் இறங்கக் கூடாது, அது ரூல்ஸ்மா." சொல்லிவிட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

நான் இறங்கி அவரை என் இடத்தில் உட்கார வைத்தேன். கண்ணாடியைப் பார்த்தவர், "அப்ப நான் பார்த்ததெல்லாம் இடம் வலம் மாறித்தானாம்மா?" என்றார். தெருமுனைக்கு வந்துவிட்ட சாமான் லோரியை நான்தான் கையாட்டிப் போகச் சொன்னேன்.

சொன்னபடி லோகன் கிரைண்டரோடு வந்தார். அண்ணன் இறங்கி, "உள்ள உட்காரு லோகன்" என்றார். காரணம் தெரியாமலே லோகன் என் காரில் உட்கார்ந்தார். அண்ணன் மேசைக்குப் போய் ரிமோட்டை எடுத்தார். கண்ணாடிக்குள் கை உயர்ந்தது, வாளி மடங்கியது, இடது தோளில் துண்டோடு ஓர் ஆள் திரும்பினார். லோகன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நாள் பூரா என்னையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா அண்ணே?"

"வேற என்னத்தப் பார்க்கிறது அங்க?"

லோகன் இறங்கி மேசைக்குப் போய், மிஷினின் கூரையை உள்ளங்கையால் தடவினார். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஒண்ணும் அறுக்க வேணாம்" என்று கிரைண்டரைத் தன் காரின் பின்பெட்டியில் திரும்ப வைத்தார்.

காஜாங்குக்கு ஒரு பழைய லோரிக் கண்ணாடியையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். மிஷினைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் லோகன் பிடித்து இழுத்து வந்து கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாராம். அண்ணன் சாத்தே கறிக்குச்சிகளைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் தகடு தட்டும் சத்தம். இந்த முறை லோரி. ஞாயிறுதோறும் லோகன் வந்துவிடுகிறார். நேற்று எட்டிப் பார்த்தபோது, அண்ணன் கையிலிருந்த அட்டையை லோகன் பிடுங்கிக் கோடு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தொட்டியோட பின் மூலையில ஒரு நசுங்கல் இருக்கும்ணே. உங்களுக்குத் தெரியாது, நீங்க உள்ள இருந்தீங்க. இருபத்திரண்டு வருஷம் மேலருந்து பார்த்தவன் நான். நான் சொல்றேன், நீங்க செய்ங்க."