தைத்து மூடிய அளவு நோட்டு

என் அளவு நோட்டில் பெயர்கள் இருக்காது. 'நீலக் கட்டட டீச்சர்', 'பாங்க் அம்மா', 'இரட்டைப் பிள்ளைக்காரி' என்றுதான் எழுதியிருப்பேன். அதற்குக் கீழே தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். ஓரத்தில் அவரவர் தைக்கக் கொடுத்த துணியிலேயே ஒரு துண்டு வெட்டி ஸ்டேப்ளர் அடித்திருப்பேன். எந்த ரவிக்கை யாருடையது என்று குழம்பாமல் இருக்க நானாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் அது. ஷார்ஜா ரோலாவில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பெண்கள் தையல் கடையில், பதினேழு வருஷமாக வெட்டும் மேசை என் பொறுப்பு.

அந்த நோட்டின் நடுவே 'நம்ம வீடு' என்று தலைப்புப் போட்ட பக்கங்கள் உண்டு. அதில் தோள் இல்லை, இடுப்பு இல்லை. நீளம் மட்டும்தான். ஓரத்தில் அடித்திருப்பது துணியும் இல்லை. பாம்புச் சட்டை.

நான் பத்தாவது வரை படித்தவள். பேச எனக்கு வராது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்வது எனக்கு வசதி. யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஃப்ளாட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் இருந்தார். யூனிஃபார்ம் இறுக்கிக் கொடுக்க என்னிடம் வருவார். அவர் கண்ணாடிப் பெட்டியில் கார்ன் ஸ்நேக் என்கிற பாம்பு ஒரு ஜோடி வளர்த்தார். அமெரிக்காவில் சோளக் கிடங்குகளில் எலி பிடிக்கிற ஜாதி, விஷம் கிடையாது. ஒரு நாள் பெண் பாம்பு முட்டையிட்டது. முட்டைகள் பொரிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு குட்டி தலையை மட்டும் வெளியே நீட்டி, நாக்கை ஆட்டிவிட்டு, மறுபடி ஓட்டுக்குள் போய்விட்டது. அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த வாரமே அவர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியபோது அந்தக் குட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்து அங்குலம். ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் திட்டுகள், ஓரத்தில் கறுப்புக் கரை. இவ்வளவு சுத்தமான கரை எந்தச் சேலையிலும் நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, ஊர்ல பாம்பக் கண்டா கட்டில் மேல ஏறுவ. இங்க வந்து பாம்பு வளர்க்கப்போறியா?" என்றார் கணவர்.

"சின்னதுங்க."

"எல்லாப் பாம்பும் சின்னதாத்தான் பொறக்கும்."

ஆனால் அவரைக் கலங்கடித்தது பாம்பு அல்ல, அதன் சாப்பாடு. உறைய வைத்த குட்டி எலிகளைச் செல்லப்பிராணிக் கடையில் பாக்கெட்டில் விற்பார்கள். நான் அதை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வஞ்சிர மீன் எடுக்கப் போனவர் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார். அன்று மீனும் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு பழைய குட்டி ஃப்ரிட்ஜைத் தோளில் சுமந்து வந்து பால்கனிப் பக்கம் வைத்தார். "இது ஒன் மருமகனுக்கு," என்றார். அது பெண் என்று நான் சொன்னேன். "அப்ப மருமகளுக்கு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பொரிந்த பத்தாவது நாளே அது முதல் சட்டையை உரித்திருந்தது. தையல் மெஷின் விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஈர வெங்காயத் தோல்போல இருந்தது. வயிற்றுப் பக்கத்துச் செதில்கள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இருந்தன. அதில் ஒரே ஒரு படி மட்டும் நடுவில் பிளந்து இரண்டாக இருந்தது. பிறவியிலேயே அப்படி. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இன்ச் டேப்பை எடுத்து அளந்தேன். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, உடம்பு இவ்வளவு, சட்டை இவ்வளவு என்று எழுதினேன். பிளந்த செதில் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி ஓரத்தில் அடித்தேன். எந்தத் துணியிலும் அடையாளம் தெரிகிற இடத்தில்தான் துண்டு வெட்டுவேன், அதே மாதிரி.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதையே செய்தேன். இங்கே ஏ.சி. காற்றில் எல்லாமே வறண்டுவிடும், பாம்பும்தான். கண் நீலமாக மங்கினால் சட்டை கழற்றப் போகிறது என்று அர்த்தம். உடனே ஒரு டப்பாவில் லைனிங் துணியை நனைத்துப் பிழிந்து வைப்பேன். உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். ஒரே துண்டாக, எங்கும் கிழியாமல் சட்டை வரும். ஐந்து வருஷத்தில் இருபத்தெட்டு. ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

பாம்பு, பல்லி, ஆமை, தவளை வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நர்ஸ் போகும்போது என் நம்பரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். நான் படிப்பேன், எழுத மாட்டேன். ஒரு நாள் அதில் ஒரே களேபரம். புது விதி வரப்போகிறதாம். வீட்டில் வளர்க்கும் ஊர்வன, தவளை வகை எல்லாவற்றையும் சிங்கம், சிறுத்தையோடு ஒரே பட்டியலில் போடுவதாகப் பேச்சு. விதி வந்துவிட்டால், வைத்திருப்பவர்கள் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

குழுவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு மலையாளி. மரத்தவளை வளர்ப்பவர், பள்ளிக்கூட லேபில் வேலை. வாய்ஸ் மெசேஜில் கத்தினார்: "என்டெ தவளை என் கட்டைவிரல் அளவு. அதும் சிங்கமும் ஒரே லிஸ்டா? சிங்கம் கேட்டா அதுக்கே நாணக்கேடு!"

எல்லாரும் சேர்ந்து, வனவிலங்குகளைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். ஆபத்தானவற்றைத் தடுங்கள், நாங்களே உதவுகிறோம். ஆனால் விஷமில்லாத, வீட்டிலேயே பிறந்த ஜாதிகளைத் தனியாகப் பதிவு செய்ய விடுங்கள் என்று. நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த அலுவலகம் எங்களைக் கூப்பிட்டுக் கேட்க ஒப்புக்கொண்டது. ஒரு நிபந்தனை: அவரவர் பிராணியையும், அது காட்டிலிருந்து பிடித்ததோ கடத்தியதோ இல்லை, வளர்ப்பிலேயே பிறந்தது என்பதற்கு அத்தாட்சியையும் கொண்டுவர வேண்டும்.

மற்றவர்களிடம் கடை பில் இருந்தது. சிலரிடம் இறக்குமதித் தாள். என்னிடம் எதுவும் இல்லை. நர்ஸின் நம்பர் எப்போதோ மாறிவிட்டது.

கணவர் பயந்தார். "வேணாம்மா. கொண்டுபோய்க் குடுத்துரு. நாளைக்கு விசா பிரச்சினைன்னு வந்தா நாம எங்க போய் நிப்போம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். அது கண்ணாடியோரம் வந்து, தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி என் பக்கம் பார்த்தது. எலிக்காகத்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னால் எழுந்து போக முடியவில்லை.

மறுநாள் கடையில் டீச்சரின் அளவைத் தேடிப் புரட்டும்போது 'நம்ம வீடு' பக்கம் வந்தது. புரட்டுவதை நிறுத்தினேன். பிறந்த பத்தாம் நாள் முதல் தேதியோடு எல்லாம் இருந்தது. முதல் துண்டு பயறு அளவு. கடைசித் துண்டு பெருவிரல் அகலம். எல்லாவற்றிலும் அதே பிளந்த செதில்.

தவளைக்காரருக்கு முதன்முதலாக நானே போன் செய்தேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். "சேச்சி, அது பில்லைவிட வலிய சாதனம். கொண்டு வா. பேடிக்கண்டா," என்றார்.

பயப்படாதே என்கிறார். ஆனால் பயப்பட ஒன்று இருந்தது. அதே நோட்டில்தான் ரோலாவில் பாதிப் பெண்களின் அளவும் இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு ஏறிய இடுப்பு, ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்ன மார்பு. அவர்கள் என் முன்னால் மட்டும் காட்டியவை. அதை ஓர் அலுவலகத்தில் ஆண்கள் புரட்டிப் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாம்புப் பக்கங்களைக் கிழித்துக் கொண்டுபோகலாம். ஆனால் கிழித்த தாளை யார் நம்புவார்கள்? நேற்று உட்கார்ந்து எழுதியதென்று சொல்வார்கள்.

அன்று மதிய இடைவேளையில் கெட்டியான ஊசியை எடுத்தேன். பாம்புப் பக்கங்களுக்கு முன்னால் இருந்த தாள்களை ஒரு கட்டாகவும், பின்னால் இருந்தவற்றை ஒரு கட்டாகவும் சேர்த்து, மூன்று ஓரமும் ஓட்டுத் தையல் போட்டு மூடினேன். நடுவில் இருந்தவை மட்டும் திறந்திருந்தன.

கூட்டத்தன்று பாம்பைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். நானே தைத்த பருத்திப் பை. உள்ளே நூல் பிசிறு இருந்தால் செதிலில் மாட்டும் என்பதால் தையலுக்குள் தையலாக மடித்துத் தைத்தது. கணவர் வாசல் வரை வந்து, "நானும் வரவா?" என்றார். உள்ளூரப் பயம் என்று முகத்திலேயே தெரிந்தது. "நீங்க டியூட்டிக்குப் போங்க," என்றேன்.

அதிகாரி ஒரு பெண். இந்த ஊர்க்காரர். அவர் பேசிய ஹிந்தி என் ஹிந்தியைவிட நன்றாக இருந்தது. பக்கத்தில் ஓர் ஆண் உதவியாளர். என் முறை வந்ததும் உதவியாளர் நோட்டை வாங்கிப் பிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"இதை ஏன் தைத்திருக்கிறீர்கள்? எதை மறைக்கிறீர்கள்?" என்றார்.

வாயில் குண்டூசி இல்லாமல் பேச வேண்டியிருந்தது. அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்: "மேடம், நான் தையல்காரி. இதில் மற்றப் பெண்களின் உடம்பு இருக்கிறது. என் பாம்பின் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது."

அவர் நோட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். தையல் ஓரத்தில் விரலை ஓட்டினார். உதவியாளரிடம் அரபியில் ஏதோ சொன்னார். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அச்சா. இதைத் திறக்க வேண்டாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு நடுப்பக்கத்துக்கு வந்தார்.

பாம்பை மேசையில் நீட்டி அளந்தார்கள். நாற்பத்தெட்டரை அங்குலம். உதவியாளர் கடைசி வரிசையில் இருந்த எண்ணில் விரலை வைத்தார். எழுத்து தமிழ், எண் மட்டும்தான் அவருக்குப் புரிந்தது.

"இங்கே ஐம்பத்தாறு என்று இருக்கிறது. இது வேறு பாம்பு."

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தவளைக்காரர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"அது சட்டையின் அளவு, பாயி. உடம்பின் அளவு பக்கத்து வரிசையில் இருக்கிறது, பாருங்கள், நாற்பத்தெட்டு. காலுறையை உருவிப் போடுகிற மாதிரி உள்வெளியாகக் கழற்றுகிறது. இழுபடும். கழற்றிய சட்டை எப்போதும் உடம்பைவிட நீளம். இரண்டும் ஒரே அளவாக எழுதியிருந்தால்தான் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்."

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு பாம்பைப் பிடித்து வயிற்றைக் காட்டச் சொன்னார். அது என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது. பிளந்த செதிலைக் காட்டினேன். அவர் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, நோட்டில் இருந்த துண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பயறு அளவிலிருந்து பெருவிரல் அகலம் வரை இருபத்தெட்டையும். அவசரப்படவே இல்லை. கடைசியில் நோட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"கலாஸ், முடிந்தது. இது இங்கேதான் வளர்ந்தது," என்றார்.

வெளியே வந்ததும் தவளைக்காரர் வழியை மறித்தார். "சேச்சி, அஞ்சு வர்ஷம் குரூப்பில ஒரு வார்த்தை எழுதியில்லா. இப்ப எனிக்கு ஒரு வார்த்தை மிச்சம் வச்சில்லா!"

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. விஷமில்லாத, வளர்ப்பில் பிறந்த ஜாதிகளுக்குத் தனிப் பதிவு. தவளைக்காரருக்குக் கிடைத்தது. எங்கள் குழுவில் பெரிய மலைப்பாம்பு வைத்திருந்த ஒருவருக்குக் கிடைக்கவில்லை, அவர் அழுதார். ஆளையே சுற்றி இறுக்கக்கூடியதை ஃப்ளாட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் அவர் அழுததைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

என் பதிவுத் தாளைக் கணவர்தான் முதலில் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். பிறப்புக்கான அத்தாட்சி என்ற இடத்தில் விரலை வைத்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார்.

"தையல்காரரின் அளவு நோட்டுன்னு போட்டிருக்காங்கம்மா."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தார். பிறகு சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனார். ஃப்ரேம் போடாமல் மாட்டக் கூடாது என்று நான் தடுத்தேன்.

பெண்களின் அளவுகளைத் தையல் பிரித்துப் புது நோட்டில் எழுதிக்கொண்டேன். பழைய பக்கங்களை மறுபடி தைத்து மூடிவிட்டேன். இப்போது குழுவில் யாருக்குக் குட்டி பொரிந்தாலும் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள், சட்டையில் எந்த இடத்தில் துண்டு வெட்ட வேண்டும் என்று. அடையாளம் தெரிகிற இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் என்று எழுதி அனுப்புகிறேன்.

போன வாரம் கண் நீலமானது. லைனிங் துணியை நனைத்து வைத்தேன். மூன்றாம் நாள் சட்டை வந்தது, கிழியாமல். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கக் கணவரைக் கூப்பிட்டேன். உடம்பு நாற்பத்தொன்பது, சட்டை ஐம்பத்தேழு. இருபத்தொன்பதாவது.