மஞ்சள் பொத்தான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேட்டையில் லேத் பட்டறை வைத்தேன். பிறகு அதன் முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டரும் வைத்தேன். இரண்டும் என் சொந்த மூளை. அறையில் மட்டும் என் மனைவியின் தம்பிக்குப் பாதிப் பங்கு. சிமெண்ட் வியாபாரி. "தெறக்கிற அன்னைக்கு ஒருத்தரும் சேரலேன்னா என் மூட்டைய அடுக்கிருவேன் அத்தான்" என்று சொல்லியிருந்தான்.

சொல்லிக்கொடுக்க இருந்தவள் என் மருமகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்து அடுக்களையில் நின்றவள், அந்த அறையைத்தான் நம்பியிருந்தாள். ஆள் சேர்க்க ஒரு வித்தை செய்திருந்தாள். பிளாப்பியில் வந்த விளையாட்டு ஒன்று: கட்டங்களைத் திறக்க வேண்டும், குண்டு இருக்கிற கட்டம் திறந்தால் வெடிக்கும். அதைக் கை படாமல் கம்ப்யூட்டரே விளையாடும்படி புரோகிராம் எழுதினாள். அம்புக்குறி தானாகப் போய்த் தொடக்கப் பொத்தானை அமுக்கும், கட்டங்களைத் திறக்கும். டவுன் கடைத்தெரு முழுக்க நான் சொல்லிவைத்துவிட்டேன்.

திறப்பு அன்று நிற்க இடமில்லை. என் மனைவி விளக்கேற்றினாள். மருமகள் புரோகிராமை ஓடவிட்டாள். அம்புக்குறி மூலையிலேயே நின்றது. திரும்ப ஓடவிட்டாள். அசையவில்லை.

"என்னத்தான், பொட்டி ஒறங்குதா?" என்றான் மச்சினன்.

"பொறுலே மாப்ள. பைய வரும்."

"பைய வரட்டும். வெளிய லாரியில என் மூட்ட நிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. லேத் சிக்கினால் சத்தத்திலேயே இடம் சொல்வேன். இது சத்தமே போடாத சனியன்.

அவள் புரோகிராமைத் திறந்து வரிவரியாகத் தேடினாள்.

"நேத்து ஓடுச்சே மாமா. பொத்தான் எங்கன இருக்குன்னு நெறத்த வச்சுத்தான் தேடச் சொல்லிருக்கேன். சாம்பல் நெறம்..." நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கலர மாத்துனியளா?"

"ஆமா. நானே கண்டுபிடிச்சு மாத்துனேன், ஒருத்தர்ட்டயும் கேக்கல. நல்ல காரியத்துக்குப் பொத்தான் சாம்பலாவா இருக்கும்?"

மஞ்சளாக இருந்ததைக் காலையிலேயே அவளும் பார்த்திருக்கிறாள். அலங்காரம் என்று விட்டுவிட்டாள்.

"பழையபடி சாம்பலாக்கிரட்டா?" என்று கேட்டாள்.

"வெளக்கு எரியும்போதா?" என்றாள் என் மனைவி. "மஞ்சள அழிக்கப்பிடாது."

மருமகள் வாதாடவில்லை. புரோகிராமில் சாம்பல் நிறத்துக்கு ஓர் எண் எழுதியிருந்தாளாம். அது இருக்கிற இடத்திலெல்லாம் மஞ்சளின் எண்ணைப் போட வேண்டுமாம். போட்டாள். பின்வரிசையில் ரெண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று வாசலை மறித்து நின்றேன். வாழ்க்கையில் யாரையும் கெஞ்சியதில்லை. அன்றைக்கு அதை மரியாதை என்று வைத்துக்கொண்டேன்.

மருமகள் மறுபடி ஓடவிட்டாள். அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. மஞ்சள் பொத்தானுக்குப் போய் அமுக்கியது. கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாதியில் குண்டு வெடித்தது.

"தோத்துட்டுல்லா!" மச்சினனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தள்ளும்மா, எப்பிடின்னு நான் காட்டுதேன்."

உட்கார்ந்தான். இரண்டாவது கட்டத்திலேயே வெடித்தது. "இது செல்லாது" என்று மறுபடி தொடங்கினான். மறுபடியும் வெடித்தது. செருப்பு தேடியவர்கள் திரும்பி வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவர் மருமகளிடம், "கிளாஸ் எப்பம்மா ஆரம்பம்?" என்று கேட்டார். அவள் நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதிக்கொண்டாள்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"குடோனுக்குக் கொண்டு போவே!" திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கத்தினான் மச்சினன்.

அதற்கப்புறம்தான் நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.