பெட்டியடியில் ஒரு ஜோடி செருப்பு

தபிதாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். சித்தூரில் அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். கத்துகிற வரைக்கும் பயமில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் பக்கத்தில் இருப்பவன் நாலடி தள்ளி நிற்பான். "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று திருச்சபையில் யாராவது சமாதானம் சொன்னால், அவள் வீட்டுக்காரன் சாம், "பதினாலு வருசமா காத்துக்கினு கீறேன், இன்னும் காணோம்" என்பான்.

ஐ.டி.ஐ. முடித்ததும் கேபிள் டிவிக்காரரிடம் கம்பம் ஏறியவள் அவள். இப்போது நாற்பது வயதில், சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பள்ளிக்கூடம், லாட்ஜ், கிளினிக் என்று கம்ப்யூட்டர்களுக்கு நெட் ஒயர் இழுத்து இணைக்கும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறாள். "பொம்பள நீயா ஏணி ஏறப் போற?" என்று கேட்காத முதலாளி இல்லை. அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை. ஏறிக் காட்டிவிட்டு இறங்குவாள்.

அவளைக் கொதிக்க வைப்பது எர்த். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் அந்த ஒயரைப் பாதி இடத்தில் போடுவதே இல்லை. மூன்று வருஷம் முன்னால் திருப்பதியில் ஒரு லாட்ஜில், எர்த் இல்லாத இரும்புப் பெட்டி ஷாக் அடித்து அவளை ஏணியிலிருந்து தூக்கி எறிந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது. "மூணு ஓட்டை பிளக்குதானம்மா வெச்சிருக்கோம்" என்றார் மேனேஜர். எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. ஊருக்குக் காட்ட ஒரு ஓட்டை! மழை வந்தால் அந்த மணிக்கட்டு இன்றைக்கும் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் அந்த மேனேஜரை வாய் வலிக்க வைவாள்.

போன ஜூலையில், குடிபாலா பக்கத்துச் சபைப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் லேபுக்குப் புது ஸ்விட்ச் மாட்டக் கூப்பிட்டார் கிளமென்ட். அவர்தான் பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட், சபையில் மூப்பரும்கூட. ஸ்விட்ச் என்றால் பதினாறு ஒயர் குத்துகிற சின்னத் தகரப் பெட்டி, அவ்வளவுதான். அது இருந்தால்தான் லேபிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட் போகும். பதினொரு மணிக்குத் திருப்பதியிலிருந்து விருந்தாளி வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. தபிதா எட்டு மணிக்கே போய்விட்டாள்.

லேபுக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, தூசி. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில், நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடக் கை எட்டுகிற உயரத்தில், ஸ்விட்ச் வைக்கும் இரும்புப் பெட்டி. அதன் அடியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது.

"இது யாருது?" என்று அட்டெண்டர் ரங்கையாவைக் கேட்டாள்.

"யாருதும் இல்லம்மா. பெட்டிய தொடறவங்க போட்டுக்கினு தொடணும். இல்லன்னா ஜிவ்வுனு இழுக்கும். ரெண்டு வருசமா இப்பிடித்தான். பழைய ஜோடி தேஞ்சிப் போச்சி, போன மாசம் கரஸ்பாண்டன்ட் சாரு புதுசு வாங்கிக் குடுத்தாரு."

புதுச் செருப்பு வாங்கத் தெரிந்திருக்கிறது! டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்தாள், விளக்கு எரிந்தது. பெட்டிக்குப் போகிற கரண்டை நிறுத்தும் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு சாக்கெட்டைக் கழற்றினாள். அதே மூன்றாவது ஓட்டை, அதே வெறுமை.

ஆபீசுக்குப் போனாள். "எர்த் இல்ல ஐயா. நான் மாட்ட மாட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள் மாட்டிடும்மா, தசரா லீவுல எர்த் போட்டுக்கலாம்" என்றார் கிளமென்ட். "ரெண்டு வருசமா யாருக்கு என்னா ஆச்சி?"

"ஆனதுக்கு அப்புறம் போடறதா ஐயா எர்த்து?"

அவர் முகம் மாறியது. "நீ மாட்டலன்னா திலீப்பு வந்து மாட்டுவான். அப்புறம் சபை ஸ்கூலு ஏழுலயும் உனுக்கு வேலை கெடையாது, பாத்துக்கோ."

அவளுடைய பாதி வருமானம் அந்த ஏழு பள்ளிக்கூடம்தான். இருந்தும், போங்கடா என்று கிளம்பியிருப்பாள். ஆனால் அவள் கிளம்பினால், எர்த்தைப் பற்றிக் கவலைப்படாமல் இதே வேலை செய்யும் திலீப் இருபது நிமிஷத்தில் மாட்டிவிடுவான், நாற்பது பிள்ளைகள் வெறுங்காலோடு உள்ளே வருவார்கள். அவள் லேபுக்குத் திரும்பிவந்து, அந்த ரப்பர் செருப்பை எடுத்துத் தன் டூல் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பதினொரு மணிக்கு விருந்தாளியின் கார் வந்தது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள், எல்லாம் வெறுங்கால். கிளமென்ட் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, விருந்தாளியோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். புது ஸ்விட்ச் இன்னும் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது.

"இன்னும் மாட்டலியா?"

"நீங்க அந்தப் பெட்டிக் கதவத் தொறந்து குடுங்க ஐயா, மாட்டிடறேன்" என்றாள் தபிதா. குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

அவர் கண் நேராகப் பெட்டியடிக்குப் போனது. அங்கே செருப்பு இல்லை.

"செருப்பு எங்க?"

"எங்கிட்ட கீது. புள்ளைங்க யாரும் போட்டுக்கினு இல்லியே ஐயா, உங்களுக்கு எதுக்கு?"

நாற்பது பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். அவர் கையை நீட்டினார். பாதியில் நின்ற கை, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போய்விட்டது. "கொஞ்சம் வேலை பாக்கி இருக்குங்க" என்று விருந்தாளியிடம் சொல்லி, ரிப்பன் வெட்டாமலே லேபைப் பூட்டச் சொன்னார்.

பத்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். லேபுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டிருந்தார்கள். தபிதா மீட்டர் வைத்து அளந்து பார்த்தாள். பச்சை ஒயரைப் பெட்டியில் இறுக்கி, ஸ்விட்சை மாட்டி, கரண்ட் விட்டு, மறுபடியும் அளந்தாள். பிறகு வெறுங்காலோடு நின்று பெட்டியில் முழுக் கையையும் வைத்தாள். கிளமென்டும் வைத்தார். ரங்கையாவும் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

கிளமென்ட் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் தொட்டிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது ஐயா. எம்.சி.பி.ய எறக்கிட்டுத்தான் உங்கள தொடச் சொன்னேன். பெட்டில கரண்டே இல்ல."

அவருக்கு முகம் சிவந்தது. "அத அன்னிக்கே எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

தபிதா பையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பெட்டில கரண்ட் கீதுன்னு ரெண்டு வருசமா அந்தப் புள்ளைங்க கிட்ட யாரு சொன்னாங்க?"