பன்னிரண்டு எண்ணும் வரை

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மெற்றோப் பாலத்துக்குக் கீழே நடந்து போனால், கடை வாசலில் நிற்பவர்கள் என்னைக் கண்டதும் சுகம் விசாரிப்பதில்லை. "ஆர் அண்ணை?" என்கிறார்கள். யார் செத்தது என்று கேட்கிறார்கள். ஒருவரும் இல்லை, வெங்காயம் வாங்க வந்தேன் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் இதே ஆட்கள்தான் நான் வாய் திறக்க முன்னமே சிரித்தவர்கள்.

இருபத்தைந்து வருடம் இந்த ஊர்த் தமிழர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்கு உணவகமொன்றில் பாத்திரம் கழுவினேன். ஆனால் என்ன வேலை என்று கேட்டால் நகைச்சுவை என்றுதான் சொல்வேன். நாடகம் எழுதினேன், நடித்தேன், கேலிப் பாட்டுக் கட்டினேன், சேலை உடுத்து மாமியாராக வந்தேன். வானொலியில் தனி ஆளாக ஐந்து குரலில் குடும்பச் சண்டை பிடித்தேன். ஒரு முறை அந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு ஸ்தேன் புறநகரிலிருந்து ஒருவர் சமாதானம் பேச நிலையத்துக்கு வந்துவிட்டார். அப்படி ஒரு காலம்.

எல்லாவற்றிலும் பேர் போனது விதானையார் வேடம். ஊரில் கிராம அதிகாரியாக இருந்து, பாரிசைப் பார்க்க வந்த விதானையார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை. மேடை நடுவில் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நிற்பேன். பேச மாட்டேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு சபையைப் பார்ப்பேன். நாலில் முன்வரிசையில் யாராவது களுக்கென்பார்கள். ஏழில் பின்வரிசைக்குப் போய்விடும். பன்னிரண்டில் மண்டபம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் போது, பின்கதவைத் திறந்துகொண்டு என் கூட்டாளி வருவான். அவன்தான் விதானையாரின் மருமகன். இரண்டு கையிலும் லா சப்பல் கடைப்பைகள், ஒன்றில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். "மாமா, மெற்றோ ஓடேல்லை" என்று கத்துவான். அதற்குப் பிறகு நாங்கள் என்ன சொன்னாலும் எடுபடும்.

அந்த மௌனம் திட்டமிட்டுச் செய்ததல்ல. முதல் தடவை அவன் உண்மையிலேயே பிந்திவிட்டான். செவ்ரானிலிருந்து வரும் ரயில் நின்றுபோனது. எனக்கு வசனம் எல்லாம் மறந்து, பின்கதவைப் பார்த்தபடி விறைத்துப்போய் நின்றேன். சனம் அதை நடிப்பென்று நினைத்துச் சிரித்தது. அன்றிலிருந்து அதையே வைத்துக்கொண்டோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் செத்துப்போனான். அதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. விழா வைக்கிறவர்கள் சென்னையிலிருந்து சினிமா நடிகர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விதானையார் என்றால் யாரென்று முதலில் பிரெஞ்சில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. விளங்கப்படுத்திய பிறகு எந்தப் பகிடிக்கும் உயிர் இருக்காது.

இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது கல்வெட்டு. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றிக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, சாப்பிட வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். படம், பிறந்த ஊர், வம்சாவளி, பிறகு புலம்பல் பாட்டுகள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். கூட்டாளிக்கு நான் எழுதினேன். அதை வாசித்துக் காட்டியபோது சனம் தேம்பி அழுதது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஐந்து குரலில் சண்டை எழுதிய கைக்கு ஐந்து குரலில் ஒப்பாரி எழுதுவது பெரிய காரியமா? தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாத பேரனை நான் விருத்தத்தில் அழ வைத்தேன். அன்றோடு பிடித்துக்கொண்டார்கள். செத்த வீடென்றால் என்னைத்தான் தேடுகிறார்கள். தகனச் சாலையில் ஒலிவாங்கிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நிற்பதும் நான்தான்.

மாட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். அழுதுகொண்டு போன் எடுக்கிற ஒரு பெண்ணிடம், நான் நகைச்சுவை நடிகன் அம்மா என்று எப்படிச் சொல்வது?

நாளடைவில் எனக்குப் பயம் வந்தது. பகிடி ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தால் நாலாவது வரியில் யாராவது இறந்துவிடுகிறார்கள். மனைவிக்குப் பகிடி ஒன்று சொல்லிப் பார்த்தால் அவள் கறியைக் கிண்டிக்கொண்டே, நேற்றும் இதைத்தான் சொன்னீர்கள் என்கிறாள். அவளைச் சிரிக்க வைத்து எத்தனை மாதம் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் விதானையார் மாதிரி நின்று எண்ணினேன். பன்னிரண்டு தாண்டி முப்பதும் போய்விட்டது. எனக்கே சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே என்னை முடித்துவிட்டார்கள் என்று அன்றைக்கு அந்தக் குளியலறையில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு மேடை. ஒரே ஒரு தடவை அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். பழைய மாணவர் சங்கம் ஒன்றின் செயலாளர் லா சப்பலில் நகைக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் நடையாய் நடந்தேன். முதல் நாள் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, யாருடைய கல்வெட்டு என்று கேட்டார். இரண்டாம் நாள் நிகழ்ச்சி நிரல் நிரம்பிவிட்டது என்றார். மூன்றாம் நாள் கடையில் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தேழு வயதில் அப்படிக் கெஞ்சக் கூடாதுதான். பத்து நிமிடம் தந்தார்.

கலைமாலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நகரத்துக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் விழா எதுவானாலும் தொடக்கம் ஒன்றுதான். பிரதம விருந்தினர் விளக்கேற்றுவார். பிறகு இறந்துபோனவர்களை நினைத்து எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அகவணக்கம் செய்வோம். அன்றைக்குப் பிரதம விருந்தினர் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் இல்லாமல் விளக்கேற்ற முடியாது, விளக்கேற்றாமல் அகவணக்கம் முடியாது. மண்டபத்தையோ ஆறு மணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகளின் நடனத்தை ஆடவிட்டார்கள். அடுத்தது நான். அறிவிப்பாளர் என்னைச் சரியாக அறிமுகப்படுத்தக்கூட இல்லை. விருந்தினர் எந்த வீதியில் நிற்கிறார் என்று போனில் கேட்டுக்கொண்டே கையைக் காட்டினார், போங்கோ என்று.

போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சால்வை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். மண்டபம் நிறைந்திருந்தது. எண்ணத் தொடங்கினேன்.

நாலில் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. கைகளை முன்னால் கோத்து, தலையைக் குனிந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். ஏழில் பின்வரிசைக்குப் போய்விட்டது. பன்னிரண்டு எண்ணி முடித்தபோது மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. பிரெஞ்சில் குசுகுசுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார் அடக்கினார்கள். ஒலி ஒளிக்காரர் தன் கடமையைச் செய்தார், விளக்குகளை மங்கலாக்கினார்.

எனக்கு விளங்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர்கள் மேல் என்ன பிழை? அகவணக்கம் இன்னும் நடக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நடத்துகிற ஆள் யாரென்பதும் தெரியும்.

ஒரு வரி சொன்னால் போதும், எல்லாம் மாறிவிடும். நாக்கு நுனியில் வரியும் வந்துவிட்டது. 'என்ன, என்னை வாத்தியார் எண்டு நினைச்சு வகுப்பே எழும்பி நிக்குது?' என்று விதானையார் கேட்டால் போதும். மண்டபம் இடிந்து விழுந்திருக்கும். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. வாயைத் திறந்தேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். போன வருடம் அவளுடைய புருசனுக்கு நான் கல்வெட்டு எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொருவர். அவருடைய தம்பிக்கும் நான்தான் எழுதினேன். பார்க்கப் பார்க்க, நான் அழ வைத்த முகங்களாகவே இருந்தன.

வாயை மூடிக்கொண்டேன்.

பழக்கதோசத்தில், கூட்டாளி வருகிற பின்கதவைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அவனை நினைத்து எனக்கு அந்த நேரத்தில் துக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. கடைசியாக மேடையை விட்டு இறங்கியபோது அவனுடைய காதில் சிரிப்பு இருந்தது. அதோடு போய்விட்டான். என்னை இங்கே தனியாக நிற்க வைத்துவிட்டான்.

நிமிடம் முடிந்ததும், செத்த வீட்டுக் குரலில் அமருங்கள் என்றேன். அமர்ந்தார்கள். இனியாவது தொடங்கலாம் என்று சால்வையைச் சரிசெய்தேன். அதற்குள் அறிவிப்பாளர் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, உணர்வுபூர்வமான அகவணக்கத்துக்கு நன்றி சொல்லி, விளக்கேற்ற வரும்படி பிரதம விருந்தினரை அழைத்தார். அந்த மனிதர் வந்துவிட்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் செயலாளரைப் பிடித்து என்னுடைய பத்து நிமிடம் எங்கே என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டினார்.

"இனி நேரமில்லை அண்ணை. நீங்கள் செய்ததே காணும். என்ரை மனிசி அழுதிட்டா."

வேட்டியோடேயே ரயிலில் வந்தேன். எதிரே இருந்த ஒரு பிரெஞ்சுக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான். நானும் முகத்தைக் கோணிக் காட்டினேன். தாய் அதை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கதவைத் திறந்த மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விழாவுக்கு வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"சனம் சிரிச்சதே?"

"எல்லாரும் எழும்பி நிண்டவை," என்றேன்.

அவள் சந்தோசப்பட்டாள். உண்மையிலேயே சந்தோசப்பட்டாள். தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, தமக்கைக்குப் போன் எடுத்து, இவருக்கு மண்டபமே எழும்பி நின்றதாம் என்று சொன்னாள். திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ரசிகை அவள். அவளையும் இழக்க நான் தயாராக இல்லை.

அடுத்த கிழமை போன் வந்தது. வேறொரு சங்கம். அவர்களுடைய தலைவர் அன்று மண்டபத்தில் இருந்தாராம். தங்கள் ஆண்டு விழாவுக்கு நான் கட்டாயம் வர வேண்டுமாம். விதானையார் செய்யவா, அல்லது புதிதாக ஒன்று எழுதட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் அவருக்கு விளங்கவில்லை.

"இல்லை அண்ணை, நீங்கள் ஒண்டும் பேசத் தேவையில்லை. அண்டைக்கு நிண்ட மாதிரி வந்து நிண்டால் காணும்."

ஓம் என்றேன். போனை வைத்தபோது மனைவி சமையலறை வாசலில் அகப்பையோடு நின்றாள். மேடையா என்று கேட்டாள். மேடைதான் என்றேன். முகம் மலர்ந்தது. வேட்டியைத் தோய்த்துப் போட வேண்டும் என்றாள். பிறகு எத்தனை நிமிடம் என்று கேட்டாள்.

ஒன்று என்றேன்.