ஐந்தாண்டுக்கு ஒருமுறை

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நிர்மலாவுக்கு செக்கிங் வேலை. தையல் விட்டது, ஓட்டை விழுந்தது, எண்ணெய்க் கறை பட்டது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே போடுவாள். பதினெட்டு வருடமாக இதையே செய்ததில், குறை கண்ட இடத்தைச் சும்மா கடந்து போக அவளுக்கு வராது.

2006இல் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், கோயிலில் வகுப்பெடுக்க வந்த குருமடப் பேராசிரியர் ஒருவர் ஆயரின், அதாவது பிஷப்பின், கடமைகளைச் சொல்லிக்கொண்டு போனார். தம் பொறுப்பிலுள்ள மறைமாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் தம் மக்களுக்காகப் பூசை வைக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் எல்லாப் பங்குக் கோயில்களையும் நேரில் பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஆளை அனுப்ப வேண்டும். நிர்மலா அந்தத் திருச்சபைச் சட்டத்தின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். 396. அவர்கள் பங்குக்கு ஆயர் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பழையவர் நெடுநாள் நோயில் கிடந்து இறந்துபோனார். புதியவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவள் சட்ட எண்ணையும் பதினோரு வருடத்தையும் குறிப்பிட்டு ஆயருக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினாள். தபாலில் போடுமுன் பங்குச்சாமியார் அருள்செல்வனிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

கடிதம் போன மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆயர் வந்தார். ஊரே கம்பெனிகளில் இருந்தது. விடுப்புப் போட்ட நிர்மலாவும் ஐந்தாறு வயதானவர்களும்தான் வரவேற்க நின்றார்கள். ஆயர், அர்ச்சித்த அப்பம் வைக்கும் நற்கருணைப் பேழையின் சாவி எங்கே வைக்கப்படுகிறது என்று பார்த்தார், பரிசுத்த எண்ணெய் கெட்டிருக்கிறதா என்று முகர்ந்தார், பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டோடு உட்கார்ந்துவிட்டார். கடிதம் எழுதியது யார் என்று விசாரித்து, அவளுடைய பக்கத்தைத் தேடி எடுத்தார். ஞானஸ்நானம் 1963. திருமணம் 1988. நடுவில், ஆயர் கையால் நெற்றியில் எண்ணெய் பூசிப் பெறும் உறுதிபூசுதல் என்ற சடங்கின் கட்டம் காலியாக இருந்தது.

“இது என்னம்மா?”

“நான் ஏழாவது படிக்கறப்ப ஆயர் வந்தாருங்க ஆண்டவரே. எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. அப்பறம் மறுபடி ஆயர் வர்றதுக்குள்ள கல்யாணமே ஆயிப்போச்சுங்க.”

“கேட்டவங்களுக்குக் கொடுக்கறது என் கடமை. தக்க காலத்துல வாங்கிக்கறது உங்க கடமை. அதுவும் சட்டத்துல இருக்கு.”

“எண் என்னங்க?”

“எண்ணூத்தித் தொண்ணூறு.”

அவள் எழுதிக்கொண்டாள்.

வகுப்புக்குப் போகாமல் உறுதிபூசுதல் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் நிர்மலா ஞாயிறுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். அதில் அவள் மகள் பிரியங்காவும் ஒருத்தி. முதல் வாரம் பிரியங்கா தாயைத் தெரியாதவள்போல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். தூய ஆவியின் ஏழு கொடைகளை மனப்பாடமாகச் சொல்லும்போது நிர்மலாவுக்கு எப்போதும் ஒன்று விட்டுப்போகும். நான்காவது வாரம் மகள் வீட்டில் வைத்து ஒப்பிக்கச் சொன்னாள். அதன்பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அக்டோபரில் ஆயர் மறுபடி வந்தார். உயரப்படி வரிசை நிறுத்தியதில் நிர்மலா கடைசிக்கு முந்தி நின்றாள். நெற்றியில் எண்ணெய் பட்டதும் ‘ஆமென்’ என்று சொல்ல வேண்டியவள் மகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆயர் அவசரப்படாமல் காத்து நின்றார். பிறகு சொன்னாள்.

அந்த வாரமே செக்கிங் மேசையிலிருந்து இரண்டு பெண்கள் பங்குச்சாமியாரைத் தேடிப் போய், பதிவேட்டில் தங்கள் பெயருக்கு நேரேயும் உறுதிபூசுதல் கட்டம் காலியாகத்தான் இருக்குமென்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு வகுப்பில் பிள்ளைகள் ஒன்பது பேர், தாய்மார் பதினான்கு பேர்.