பேன் பார்த்த மிஸ்ஸி

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது நான் மயங்கி விழுந்தேன். விழுந்த நோவைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. பெரியம்மாவின் மகனும் என் வகுப்புத்தான். அவன் திரும்பிப் பார்த்து, "நடிக்கிறாள் சேர், தேவாரம் பாடமில்லை" என்று வாத்தியாரிடம் உரக்கச் சொன்னான். தேவாரம் எனக்கு நல்ல மனப்பாடம். வயிற்றில்தான் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

அப்போது நாங்கள் சொந்த ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, புத்தூரில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அம்மா, நான், தம்பி மூவரும்தான். அப்பா கொழும்பில் வேலை செய்தார். சண்டையால் பாதை பூட்டியபிறகு அவரிடமிருந்து கடிதம்கூட ஒழுங்காக வருவதில்லை. பெரியம்மா ஒருநாளும் எங்களைப் போ என்று சொன்னதில்லை. வந்து சாப்பிடு என்றும் அதிகம் சொன்னதில்லை. அவருக்கும் நான்கு பிள்ளைகள். மாவும் சீனியும் கடைகளில் காணாமல்போன காலம் அது.

காலையில் புட்டு அவிந்ததும் பெரியம்மாவின் பிள்ளைகள் அடுப்படியில் வட்டமாக உட்காருவார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா எங்கள் கையில் வாளியைத் தந்து கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார். "அதுகளுக்கு இப்ப பசிக்காதக்கா, பிறகு சாப்பிடுவினம்" என்பார். எங்களைக் கேட்காமலே எங்கள் பசியை அம்மா எப்படி அறிகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தண்ணீர் நிரப்பிவிட்டு வரும்போது சட்டியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அது தம்பிக்குப் போதும்.

"வீட்டுக் கதையை வெளியிலை கதைச்சா இஞ்சையும் இருக்கேலாமல் போயிடும்" என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கோயில் மடம்தான் கதி. அங்கே மழைக்குள் ஒடுங்கிக் கிடந்த சனங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வாயைத் திறப்பதில்லை. அது எனக்குக் கஷ்டமான வேலையும் அல்ல. இப்போதும் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

நான் விழுந்த அடுத்த கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு மிஸ்ஸி சைக்கிளில் வந்தார். தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வேப்பமரத்தின் கீழே வாங்கைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கண்ணையும் நாக்கையும் நகத்தையும் பார்த்தார்.

"பிள்ளை காலமை என்ன சாப்பிட்டனி?"

"புட்டு."

"புட்டோடை?"

"முட்டைப்பொரியல்" என்றேன். முட்டையின் நிறமே எனக்கு மறந்துபோயிருந்தது.

மிஸ்ஸி என் கீழிமையை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். "அப்ப நல்லது. திரும்பி இரு, பேன் இருக்கோ பாப்பம்" என்றார்.

அவருடைய காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவருடைய விரல்கள் தலைமயிருக்குள் மெல்ல மெல்ல ஊர்ந்தன. என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது முகமே தெரியவில்லை. சைக்கிள் ரியூப் வெடித்ததையும், ஒட்டுவதற்குச் சொலுசன் கிடைக்காமல் உருட்டிக்கொண்டே வீடுபோய்ச் சேர்ந்ததையும் மிஸ்ஸி பகிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அதே குரலில் கேட்டார்.

"உங்கடை வீட்டிலை ஆர் முதல் சாப்பிடுறது?"

இந்தக் கேள்விக்கு அம்மா ஒன்றும் சொல்லித்தந்திருக்கவில்லை.

"பெரியம்மாவின்ரை பிள்ளையள்."

"பிறகு?"

"பெரியம்மா. பிறகு தம்பி."

"பிறகு?"

அதற்குமேல் சொல்ல என்னிடம் ஆள் இருக்கவில்லை. மிஸ்ஸியின் விரல்கள் நின்றன. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

"பெரியம்மாட்டைச் சொல்லாதேங்கோ மிஸ்ஸி. எங்களைப் போகச் சொல்லிப்போடுவா."

"நான் பேன்தானே பாக்க வந்தனான்" என்றார் அவர்.

அன்று பின்னேரமே அவருடைய சைக்கிள் எங்கள் வாசல் படலையில் நின்றது. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அடுப்படிக் கதவோரம் நின்றார். பெரியம்மா பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரி அவசரமாக வேலியோரம் கூட்டத் தொடங்கினார். மிஸ்ஸியின் குரல் வேலிக்கு அந்தப்பக்கமும் நன்றாகக் கேட்டது.

"உங்களைப் பாத்திட்டுப் போகத்தான் வந்தனான். தங்கச்சியின்ரை பிள்ளையளையும் தன்ரை பிள்ளையளோடை ஒண்டா இருத்திச் சாப்பாடு குடுக்கிற மனுசரை இந்தக் காலத்திலை எங்கை காணுறது?"

பெரியம்மா வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ எப்பவும் அப்பிடித்தான் மிஸ்ஸி" என்றார் வேலியோரத்துப் பெண். புகழ்ந்தாரா, நக்கலடித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"பெட்டைக்குக் கொஞ்சம் ரத்தம் குறைவு. உங்கடை கையாலை சாப்பிடத் தேறியிடும். வெள்ளிக்கு வெள்ளி பள்ளிக்கூடத்திலை நான் பாப்பன்" என்ற மிஸ்ஸி, அம்மாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அக்கா குடுக்கிறதை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. பிறகு ஊர் அக்காவைத்தான் குறை சொல்லும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் நான் சொன்னதை இந்த மிஸ்ஸி காதில் வாங்கவே இல்லையே! எல்லாவற்றையும் தலைகீழாக விளங்கிக்கொண்டு வந்து புகழ்ந்துவிட்டுப் போகிறாரே!

மறுநாள் காலை நான் கிணற்றடியில் நிற்க, பெரியம்மாவின் குரல் வந்தது. "எடியே, வாளியை வைச்சிட்டு வா! தம்பியையும் கூட்டிக்கொண்டு வா!"

"அதுகளுக்கு இப்ப பசிக்காதக்கா..." என்று அம்மா தொடங்கினார்.

"நீ சும்மா இரு. ஊரிலை என்ரை பேரைக் கெடுக்கவோ நிக்கிறாய்?"

"மயக்கராசாத்தி வாறா, வழி விடுங்கோ" என்று பெரியம்மாவின் மகன் முணுமுணுத்தபடி தள்ளி உட்கார்ந்தான். அன்று என் தட்டில் புட்டும் சம்பலும் ஆவி பறக்க இருந்தன. முதல் சில நாட்கள் பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறினார். பிறகு அந்த முகமும் இளகிவிட்டது. காலமாகும்வரை "நான் ஆறு பிள்ளையளை வளர்த்தனான்" என்று அவர் சொல்லிவந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றிதான் வருகிறது. அந்த மிஸ்ஸிக்கு நன்றி சொல்ல அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

மிஸ்ஸி வீட்டுக்கு வந்துபோன பிறகு வந்த வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விஷயத்தைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

"மிஸ்ஸி, நீங்கள் அண்டைக்குப் பெரியம்மாட்டைப் பிழையாச் சொல்லிப்போட்டியள்."

"அப்பிடியோ? என்ன பிழை?"

"எங்களை ஒண்டா இருத்திச் சாப்பாடு தாறவ எண்டு சொன்னனீங்கள்."

"இண்டைக்கு எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

"இண்டைக்கு... ஒண்டாத்தான்."

"நேற்று?"

"நேற்றும் ஒண்டாத்தான்."

"அப்ப பிழை எங்கை பிள்ளை?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாவம், நல்ல மிஸ்ஸிதான், ஆனால் சொல்வதைக் கவனமாகக் கேட்கத் தெரியாதவர் என்று முடிவுசெய்தேன். பெரிய ஆள் ஒருவரின் பிழையைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்ட நிறைவுடன் எழுந்து வகுப்புக்குப் போனேன்.