நான் எழுந்திருக்காத கூட்டம்

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் வீட்டுக் கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். வந்தவர்கள் காலனியில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்கள். எனக்குக் கொஞ்சம் அலட்டல் ஜாஸ்தி. கை கால் அசைவை வைத்து இங்கிலீஷ்காரன் பேசுவதையெல்லாம் நடித்துக் காட்டச் சொல்வேன். முடியாது என்று அடித்துச் சொல்வதற்கு 'புட் யுவர் ஃபுட் டவுன்'. எல்லோரும் தரையை ஓங்கி மிதிப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து கத்துவார்.

ஒருத்தருக்காகப் பரிந்து நிற்கும் 'ஸ்டாண்ட் அப் ஃபார்' நடத்திய அன்று, என் வீட்டில் பாத்திரம் தேய்த்த விழுப்புரத்துப் பெண் கேட்டாள்: "எழுந்து நின்னா மட்டும் போதுமாக்கா, பேசவும் வேணுமா?"

"பேசணும்டி! வாயை மூடிட்டு நின்னா அது லைட் கம்பம்," என்றேன். பெரிய இவள் நான்.

அடுத்த வாரமே காலனிக் கூட்டம். எங்கள் காலனியில் பெண்கள் உட்காரும் வரிசைகூடக் கணவர்களின் பதவிப்படிதான். முன்வரிசையில் என் கணவருடைய மேலதிகாரியின் மனைவி, மூன்றாவதில் நான். அந்தம்மாவின் தங்க வளையல் செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் காணாமல் போயிருந்தது. விழுப்புரத்துப் பெண்தான் எடுத்தாள், அவளுடைய கேட் பாஸைப் பிடுங்குங்கள் என்றார். பாஸ் போனால் அவள் பார்க்கும் ஐந்து வீட்டு வேலையும் போகும்.

செவ்வாய் பத்து மணிக்கு அவள் என் அடுக்களையில் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவள் நான்.

"அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?" என்று காலனிச் செயலாளர் அவளை முன்னால் நிறுத்தி ஹிந்தியில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என் கணவரின் பதவி உயர்வு ஃபைல் அந்த மேலதிகாரி மேஜையில் இருந்தது. எனக்குக் காலா மரத்துப்போயிற்று? நன்றாகத்தான் இருந்தது. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி.

"யாத் நஹி ஜி," என்றாள் அவள். நினைவில்லையாம்! பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

கேட் வரை அவள் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்ல ஓடினேனோ, இன்றும் தெரியவில்லை. அவளே முந்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா. உங்க பேரை நான் எங்கயும் இழுக்க மாட்டேன்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. "தேங்க்ஸ்டி," என்றேன்.